வருதா, போகுதா?

“மாமா, வருதா, போகுதா?”

தங்கை மகன் அப்படிக் கேட்டபோது மணி ஆறரை இருக்கும். புரட்டாசி மாதம். மானாமதுரையிலிருந்து உள்ளே தள்ளிய எங்கள் ஊர்க் கண்மாயில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த வண்டலில் நின்று அவன் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். ஃபோம் போர்டில் நாங்களே வெட்டி ஒட்டியது. இறக்கை ஒரு மீட்டர், பேட்டரியோடு சேர்த்து எடை 700 கிராம். பொழுது கரைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மேற்கு வானத்தில் விமானம் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. இறக்கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. மூக்கு எது, வால் எது என்று புரியவில்லை.

நான் “வருது” என்றேன். அது போய்க்கொண்டிருந்தது.

நம்மை விட்டு விலகிப் போகும் விமானத்துக்கு அதன் இடமும் நம் இடமும் ஒன்று. நம்மை நோக்கி வரும்போது இரண்டும் எதிரெதிராகிவிடும். அதனால்தான் பழகுகிறவர்களுக்கு ஒரு பாடம் சொல்வார்கள்: வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ரிமோட்டின் குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும். என் பேச்சை நம்பி அவன் அப்படியே தள்ளினான். போகிற விமானத்துக்கு அது நேர் எதிரான கட்டளை. சாய்ந்திருந்த இறக்கை இன்னும் சாய்ந்தது, விமானம் சுற்றிக்கொண்டே இறங்கி, கரைக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலப் புதருக்குள் போய்விட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். புதருக்கும், ஆடு ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்த ஓர் ஆச்சிக்கும் நடுவே பதினைந்து அடி இருக்கும். ஆச்சி எங்களைத் திட்டவில்லை. “என்னய்யா அது, கழுகா?” என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 700 கிராமின் அடி, அதே எடை இருபதடி உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். முன்னால் ப்ரொப்பெல்லர் வேறு சுற்றுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் கேட்பது ஒன்றுதான். பறக்கவிடுகிற ஒவ்வொரு மாதிரி விமானத்திலும் இடம் எது, வலம் எது என்று சொல்லும் விளக்கு இருக்க வேண்டும். கல்லூரிப் போட்டிகளிலும் ஏரோமாடலிங் குழுக்களிலும் அது இல்லாத விமானத்தை எடுக்க விடக்கூடாது.

‘நாங்கள் ராத்திரியில் பறப்பதில்லையே’ என்று உடனே பதில் வரும். எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், நாள் முழுக்க அடிக்கிற காற்று சாயங்காலம்தான் அடங்கும். எடை குறைந்த ஃபோம் விமானம் அந்த அமைதிக்காகவே காத்திருக்கும். ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ‘இன்னும் ஒரு பேட்டரி, இன்னும் ஒரு பேட்டரி’ என்று ஆறரை ஆகிவிடுகிறது. இருட்டில் யாரும் கிளப்புவதில்லை. வெளிச்சத்தில் கிளப்பியது மங்கலில் இறங்குகிறது, அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் ஆபத்து.

2021 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. 25 கிலோவுக்கு மேற்படாதது, கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு போன்றவற்றுக்கு மட்டும் பயன்படுவது, பார்வை எல்லைக்குள் இயக்கப்படுவது என்று அதற்கு இலக்கணம் சொல்கின்றன. அந்தப் ‘பார்வை எல்லை’ என்ற சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. 200 மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் இறக்கை, நிலாவின் அகலத்தில் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும். அந்தப் பொட்டு கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அதைப் பார்க்கிறோம் என்று சொல்ல முடியுமா? எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாதவரை அது நம் கையில் இல்லை.

நிஜ விமானத்துக்கு இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. கப்பல்காரர்களிடமிருந்து வாங்கிய வழக்கம்: இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. சிவப்பும் பச்சையும் நேர் முன்னாலிருந்து அதனதன் பக்கம் 110 பாகை வரைதான் தெரியும். மீதி 140 பாகை வாலிலிருக்கும் வெள்ளைக்கு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால், அதிலும் சிவப்பு என் வலக்கைப் பக்கம் நின்றால், அது என்னை நோக்கி வருகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைப் பார்க்கிறேன். வெள்ளை மட்டும் என்றால் போகிறது. மூன்று நிறத்தில் அத்தனை கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது.

இந்த விளக்கை நான் எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பிழைப்பும் கலந்திருக்கிறது.

1988-இல் தொலைபேசித் துறையில் கேபிள் இணைக்கும் வேலையில் சேர்ந்தேன். முதலில் செம்புக் கம்பி, பிறகு கண்ணாடி இழை. 2020 ஜனவரி 31-ஆம் தேதி விருப்ப ஓய்வில் பி.எஸ்.என்.எல்.லை விட்டு வெளியே வந்த எழுபத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேரில் நானும் ஒருவன். அத்தனை வருடம் நான் இணைத்த இழைகளில் ஓடிய ஒளியை ஒரு நாளும் என் கண்ணால் பார்த்ததில்லை. அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு. இழையின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் எச்சரிக்கை. கண்ணாடியின் மொத்த விட்டமே 125 மைக்ரான், ஒளி ஓடும் நடுப்பகுதி அதில் ஒன்பது மைக்ரான்தான். சாலையோரப் பள்ளத்துக்குமேல் தார்ப்பாயைக் கட்டி, மழைத்துளி விழாமல் உட்கார்ந்து, இரண்டு முனையையும் மின்பொறியில் உருக்கி ஒட்டுவோம். திரையில் 0.02 டெசிபல் இழப்பு என்று வந்தால் மனசு நிறைந்துவிடும்.

எங்களிடம் ஒரு சிவப்பு லைட் பேனா இருக்கும். இழையின் ஒரு முனையில் அதைச் செருகினால், எங்கே முறிவோ, எங்கே அளவுக்குமேல் வளைவோ, அந்த இடத்தில் சிவப்பு கசிந்து வெளியே தெரியும். வேலைக் காலத்தில் நான் கண்ணால் பார்த்த ஒரே ஒளி அதுதான், அதுவும் கோளாறைக் காட்டுகிற ஒளி.

ஓய்வுக்குப் பிறகு ஒரு சித்திரை மாதம், மதுரைப் பொருட்காட்சியில், நுனி மட்டும் மின்னுகிற பூ விளக்கு ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைப் பிரித்துப் போட்டேன். உள்ளே மயிர் போன்ற பிளாஸ்டிக் இழைகள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக். நடுப்பகுதியின் ஒளிவிலகல் எண் 1.49, மேலே போர்த்திய மெல்லிய உறையினுடையது சுமார் 1.40. உள்ளே போன ஒளி உறையில் சாய்வாகப் பட்டு முழுதாகத் திரும்புகிறது. பிளஸ் டூ இயற்பியலில் ‘முழு அக எதிரொளிப்பு’ என்று படம் போட்டு மதிப்பெண் வாங்குகிறோமே, அது இதுதான். நம் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸோடு சேர்ந்து இழைக்கற்றை வழியாகப் படத்தையே கடத்திக் காட்டி ‘நேச்சர்’ இதழில் 1954-இல் எழுதினார். அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்தப் பூ விளக்கில் ஒன்றை வகுப்புக்கு எடுத்துப் போனால் போதும், கரும்பலகை தேவைப்படாது.

பிளாஸ்டிக் இழை ஒளியை விழுங்கிவிடும். நான் போட்டுவந்த கண்ணாடி இழை ஒரு கிலோமீட்டருக்கு இழப்பதை இது ஒரு மீட்டரில் இழக்கிறது, ஏறத்தாழ 0.2 டெசிபல். தொலைபேசிக்கு இதை வைத்து அடுத்த தெருவைத் தாண்டவே சிரமப்பட வேண்டும். ஆனால் எனக்கு வேண்டியது அரை மீட்டர் இறக்கைதானே! அரை மீட்டரில் போவது நூறில் இரண்டு பங்கு.

விமானத்தின் உடம்புக்குள் மூன்று எல்.ஈ.டி. வைத்தோம். சிவப்பும் பச்சையும் இறக்கைக்கு, வெள்ளை வாலுக்கு. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் சும்மா கிடந்த ஒரு சேனலிலிருந்து ஐந்து வோல்ட் எடுத்தோம். சிவப்புக்கு 150 ஓம் ரெசிஸ்டர், மற்ற இரண்டுக்கும் 100 ஓம். அங்கிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் இழை ஒளியைச் சுமந்துகொண்டு நுனிக்குப் போகிறது. இழை, விளக்கு, ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தபோது ஆறு கிராம்.

முதல் முறை செய்தது சரியாக வரவில்லை. எல்.ஈ.டி.யின் உருண்டைத் தலைக்கு முன்னால் இழையை ஒட்டினால் பெரும்பங்கு ஒளி பக்கவாட்டில் போய்விடுகிறது. தலையைத் தட்டையாக ராவி, நடுவில் கைத்துரப்பணத்தால் மெதுவாகத் துளை போட வேண்டும். உள்ளே தெரியும் மயிரிழைக் கம்பியைத் தொட்டால் விளக்கு செத்தது. தொடாமல் நிறுத்தி, துளைக்குள் இழையைச் செருகி எபாக்ஸி வைத்தால் வெளிச்சம் பல மடங்காகிறது. இழையின் முனை தேய்ப்பிலும் பொறுமை வேண்டும். புது பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டி, 400, 1000, 2000 என்று வாட்டர் பேப்பரில் வட்டமாகத் தேய்த்து, கடைசியில் துணியில் பற்பசை தடவி மெருகேற்றினோம். தேய்க்காத முனை வெள்ளை பூத்து நிற்கும். தேய்த்த முனை பளிச்சென்று தெளிவாக இருக்கும்.

சூப்பர் க்ளூவை இதன் பக்கத்தில் கொண்டுவரக்கூடாது. அதன் ஆவி பட்டால் இழை வெளுத்து, வளைவில் பொடிப்பொடியாக விரிசல் விடுகிறது. ஒரு முழு இறக்கையை அப்படித்தான் வீணாக்கினேன்.

இரண்டாவது இறக்கையை இருட்டறையில் எரியவிட்டபோது பச்சை நுனி பளிச்சென்று இருந்தது. சிவப்பு நுனி மங்கல். இறக்கையின் நடுவில், ஃபோமை மடக்கிய இடத்தில், தீக்குச்சி நீளத்துக்குச் செம்மை கசிந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு கணம் மழையும் தார்ப்பாயும் சாலையோரப் பள்ளமும் ஞாபகம் வந்துவிட்டன. அதே கோளாறு, அதே சிவப்பு. மடிப்பில் இழை அளவுக்குமேல் வளைந்திருந்தது. டீ கிளாஸின் வாய் வட்டத்தைவிடக் குறுகலாக இந்த இழையை வளைக்கக்கூடாது என்று இப்போது எங்களோடு சேர்ந்துகொண்ட பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கிளாஸை வைத்தே அளந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

நுனியில் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்து பார்க்கும்போது யாருக்கும் முகம் மலர்ந்துவிடும். மெருகேற்றிய முனையைச் சூடான சால்டரிங் அயர்ன் பக்கத்தில், தொடாமல், கொண்டுபோக வேண்டும். இழை தானாக உருகிக் காளான் குடை போல விரியும். இரண்டு வினாடி, எடுத்துவிட வேண்டும். அந்தக் குடை ஒரு சின்ன லென்ஸ். நேராகப் போகவிருந்த ஒளியை அது விரித்துத் தருகிறது, பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் தெரிகிறது. அதற்குப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டையில் விரல் நக அளவு தடுப்பு ஒட்டினோம், வால் பக்கமிருந்து பார்த்தால் சிவப்பும் பச்சையும் தெரியாமல் இருக்க.

‘நுனியிலேயே எல்.ஈ.டி.யை வைத்துவிட்டுப் போகலாமே, இழை எதற்கு?’ என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வைக்கலாம். வெளிச்சமும் அதில் கூடுதல்தான். இழைதான் வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் எங்கள் இறக்கை ரப்பர் பேண்டில் கட்டியது, பெட்டிக்குள் வைக்கக் கழற்றுவோம். கம்பி என்றால் ஒவ்வொரு முறையும் கனெக்டரைப் பிடுங்கிச் செருக வேண்டும், விழுந்தால் கம்பி அறுந்து சர்வோ வயரையும் இழுத்துக்கொண்டு வரும். இழையில் அந்தத் தொல்லை இல்லை. இறக்கையின் அடியில் காலி பேனா ரீஃபில் துண்டு ஒன்று, அதற்குள் இழையின் முனை. உடம்பிலிருந்து வரும் முனை அதற்குள் வந்து முட்டி நிற்கும். ஒன்பது மைக்ரானை ஒன்பது மைக்ரானோடு பொருத்திப் பழகிய கைக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளியை மன்னிக்கும் இணைப்பு புதிது. விமானம் விழுந்தால் இறக்கை தனியே கழன்று போகும், எதுவும் அறுவதில்லை.

இழையால்தான் முடியும் என்று இன்னொன்றும் சொல்வேன். ரிசீவருக்குள் ஒரு பொடி விளக்கு உண்டு. ட்ரான்ஸ்மிட்டரோடு தொடர்பு இருந்தால் எங்களுடையதில் அது நின்று எரியும். ஆனால் ரிசீவர் விமானத்தின் வயிற்றுக்குள் கிடக்கிறது, யார் பார்ப்பது? அந்த விளக்கின் தலையில் ஒரு மில்லிமீட்டர் இழையைக் கறுப்பு ஷ்ரிங்க் ட்யூபால் கட்டி, மறுமுனையை மூக்குக்கு மேலே துளை போட்டு வெளியே எடுத்தோம். பேட்டரி அலாரத்தின் சிவப்பு விளக்குக்கும் அப்படியே. லித்தியம் பேட்டரியின் ஒவ்வொரு அறையும் நிறைந்தால் 4.2 வோல்ட், 3.5-க்கு இறங்கினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இப்போது கையிலிருந்து எறிவதற்கு முன்னால் அந்த இரண்டு புள்ளியையும் பார்க்காமல் தங்கை மகன் எறிவதில்லை.

உச்சி வெயிலில் இந்த விளக்கு எதுவும் தெரியாது. அதற்கு இறக்கையின் மேல்புறத்தை ஒரு நிறமும் அடிப்புறத்தை வேறு நிறமும் ஆக்குவதுதான் வழி. இழை விளக்கு அந்திக்கும், மேகம் மூடிய ஐப்பசி மாலைக்கும்தான்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. சென்ற ஆண்டு ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த மாதிரி விமானப் போட்டிக்குத் தங்கை மகனோடு போயிருந்தேன். அருமையான பிள்ளைகள், அருமையான கைவேலை. எவ்வளவு சுமை தூக்குகிறது, எத்தனை நிமிடம் பறக்கிறது, கோட்டுக்குள் இறங்குகிறதா என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இருந்தது. பறக்கும் முன் ஒரு சோதனையும் இருந்தது: ப்ரொப்பெல்லர் இறுக்கமா, பேட்டரி கட்டியிருக்கிறதா, சிக்னல் போனால் மோட்டார் நிற்கிறதா. நல்ல சோதனை. விளக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. நிகழ்ச்சி நீண்டு இருட்டத் தொடங்கியதும் ஏழெட்டு விமானங்கள் இறக்கை முழுக்க நிறம் மாறி மாறி மின்னும் பட்டை விளக்கோடு எழும்பின. கல்யாண மண்டப வாசல் போல இருந்தது. ஒரு பையனிடம் கேட்டேன், “தம்பி, இதில் இடது பக்கம் எது?”

“அது அழகுக்கு சார்.”

அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. ஆனால் விளக்கே இல்லாத விமானத்தைவிட இது மோசம். இல்லாதபோது நமக்குத் தெரியவில்லை என்பதாவது நமக்குத் தெரியும், பயந்து இறக்கிவிடுவோம். பளபளக்கிறபோது தெரிகிற மாதிரி ஒரு மயக்கம் வந்து இன்னும் தூரம் ஓட்டுவோம். அன்று பார்வையாளர் கூட்டத்தில் சின்னக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். அந்தச் சோதனைத் தாளில் ஒரு வரி சேருங்கள்: இடம், வலம், வால் மூன்றும் விளக்கால் பிரிந்து தெரிகிறதா? முப்பதடி தள்ளி நின்று பார்த்தால் போதும், அரை நிமிட வேலை. இழையோ கம்பியோ அவர்கள் இஷ்டம். பத்து மீட்டர் இழைச் சுருளை நான் முந்நூறு ரூபாய்க்குள் வாங்கினேன், அது நான்கைந்து விமானங்களுக்கு வரும். குவாட்காப்டர் ஓட்டுகிற பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்றைச் சொல்லுங்கள். அவற்றில் பலவற்றுக்கு முன் கையில் சிவப்பு, பின் கையில் பச்சை. அங்கே நிறம் முன்னையும் பின்னையும் சொல்கிறது, விமானத்தில் இடத்தையும் வலத்தையும் சொல்கிறது. இரண்டையும் ஓட்டுகிறவன் இந்த வேற்றுமையை வாய்விட்டுச் சொல்லிப் பழகாவிட்டால் அவசரத்தில் கை தடுமாறும்.

நிறத்தை மட்டும் நம்பி விதி எழுதிவிடவும் கூடாது. இது எனக்கு இந்தத் தை மாதம்தான் உறைத்தது. எங்களோடு கண்மாய்க்கு வரும் பையன்களில் ஒருவன், பிளஸ் ஒன் படிக்கிறான். இழை தேய்ப்பதில் எல்லோரையும்விடக் கைத்திறன். “சிவப்பு முனையை எடுத்துக் குடுப்பா” என்றேன். பச்சையை எடுத்து நீட்டினான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இத்தனை நாளும் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு, நிஜத்தில் நிழலை மட்டும் பார்த்து ஓட்டியிருக்கிறான்.

அன்று சாயங்காலமே பச்சை விளக்குக்கு மட்டும் ஒரு சின்ன மின்னும் சுற்று வைத்தோம். இடது நின்று எரியும், வலது வினாடிக்கு ஒரு முறை அணைந்து எரியும். எடை ஒரு கிராம் கூடியது. அடுத்த ஞாயிறு முதல் ஆளாக அவன்தான் கண்மாய்க்கு வந்திருந்தான். என்னிடம் விமானத்தைத் தூக்கி முப்பதடி தள்ளிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அப்படியும் இப்படியும் திருப்பச் சொன்னான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் உரக்கச் சொன்னான்: “வருது. போகுது. இடப்பக்கம். வருது.” ஒன்றுகூடத் தப்பவில்லை.